உறை கலையாத பெட்டி

திருநெல்வேலியில் சங்கத்தில் மாட்டாத மனிதனைப் பார்ப்பது அபூர்வம். நாலு பேர் சேர்ந்து காப்பி குடித்தால் ஒருவர் தலைவர், ஒருவர் செயலாளர், ஒருவர் பொருளாளர். மிச்சமிருக்கிறவர் உறுப்பினர், காப்பிக்குக் காசு கொடுக்க ஆள் வேண்டாமா? குமரகுருபரன் தலை நரைக்க ஆரம்பித்த பிறகும் எந்தச் சங்கத்துக்கும் அகப்படாமல், இன்சூரன்ஸ் ஆபீஸ் உண்டு, வீடு உண்டு என்று இருந்தார். தொண்ணூற்றைந்தாம் வருஷம் ஒரு சாயங்காலம் லண்டனிலிருந்து வந்த பெட்டி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வண்ணார்பேட்டை நூகு பாயின் கேசட் கடைக்குள் நுழைந்தார். பாவம், அத்தோடு மாட்டிக்கொண்டார்.

பெட்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வில்லோ லேன் என்று இங்கிலாந்தில் ஒரு பாட்டுக்குழு. அந்த ஊர்க் கிராமத்துக் கதைப்பாட்டுகளை எடுத்து எலெக்ட்ரிக் கிடாரும் டிரம்ஸும் வைத்துப் பாடினவர்கள். நம்மூர் வில்லுப்பாட்டுக்காரர் வில்லைத் தள்ளிவைத்துவிட்டுக் கிடாரைத் தூக்கினால் எப்படி இருக்கும், அப்படி. எழுபதுகளிலேயே சண்டை போட்டுக்கொண்டு பிரிந்துவிட்டார்கள். கம்பெனி விடுமா? அதே பாட்டுகளைத் திரும்பத் திரும்பப் புதுப் பெட்டியில் அடுக்கி, மேலே கண்ணாடித்தாள் சுற்றி, மறுபதிப்பு என்று பேர் வைத்து விற்றுக்கொண்டிருந்தது. இப்போது வந்திருந்தது வெள்ளி விழாப் பெட்டி. உள்ளே சி.டி.க்கள், செங்கல் கனம்.

குமரகுருபரனுக்கு அதில் வேண்டியது ஒரே ஒரு பாட்டு. அதிலும் அதன் கடைசிப் பகுதி. கல்யாணமான புதிதில் மைத்துனன் யாரிடமோ இருந்த இசைத்தட்டிலிருந்து ஒரு கேசட் பதிந்து கொடுத்திருந்தான். கேசட்டின் கடைசியில் அந்தப் பாட்டு. வெள்ளம் போகிற ஆற்றங்கரையில் ஒருத்தி நிற்கிறாள். அக்கரைச் சிறையில் அவள் புருஷன், விடிந்தால் தூக்கு. படகுக்காரன் கூலியாகக் கல்யாண மோதிரத்தைக் கேட்கிறான். கழற்றிக் கொடுக்கிறாள். நடு ஆற்றில் துடுப்பை நிறுத்திவிட்டு, இது போதாது என்கிறான். அவள் எழுந்து நிற்கிறாள். டக். கேசட் தீர்ந்துவிட்டது.

அதற்கப்புறம் என்ன ஆச்சு என்று புருஷனும் பெண்டாட்டியும் வருஷக்கணக்காகச் சண்டை. படகுக்காரன் மனசு இரங்கி அக்கரையில் கொண்டுபோய் விட்டிருப்பான் என்பது குமரகுருபரன் கட்சி. "உங்களுக்கு எல்லாரும் இரங்கிருவாங்க. அவ ஆத்துல குதிச்சிருப்பா" என்பது சித்ரலேகா கட்சி. சாம்பாரில் உப்புக் குறைந்தால்கூட அந்தச் சண்டையில்தான் வந்து முடியும்.

அந்த வருஷம் விளையாட்டு வினையாகிவிட்டது. பெண்கள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சராக இருந்த சித்ரலேகாவுக்குக் காது மங்கத் தொடங்கியது. இடது காது முழுசாகப் போய்விட்டது; வலது காதும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், எப்போது என்று சொல்ல முடியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அவள் சொன்னது ஒன்றுதான். "அவ கதி என்னாச்சுன்னு தெரியாம நான் செவிடாகக் கூடாதுங்க." இப்போது லண்டனில் இருக்கிற தம்பிக்குக் கடிதம் போனது. பெட்டி வந்தது. வீட்டில் சி.டி. போடுகிற மெஷின் கிடையாது. நூகு பாய் கடையில் உண்டு. இவ்வளவுதான் விஷயம். இதற்கு ஒரு சங்கம் எதற்கு?

நூகு பாய் பிளேடை எடுத்துக் கண்ணாடித்தாளின் ஓரத்தில் வைத்தார். "ஏலே, நிறுத்துலே!" என்று ஒரு சத்தம். பக்கத்தில் பக்திப்பாட்டுக் கேசட் புரட்டிக்கொண்டிருந்த பெரிய மனிதர் ஒருவர் பாய்ந்து வந்து பாயின் மணிக்கட்டைப் பிடித்தார். ஏரலில் வாழைக்காய் மண்டி வைத்திருக்கிற முத்துமாலை அண்ணாச்சி. அவர் முகத்தைப் பார்த்தால் பாய் ஆட்டை அறுக்கப்போனது போலத்தான் இருந்தது.

"உறை கலையாத வெள்ளி விழாப் பெட்டிவே இது! கையில என்ன வச்சிருக்கோம்னு உமக்குத் தெரியுமா?"

"பாட்டுப் பெட்டி, அண்ணாச்சி. வீட்டுல அவளுக்கு ஒரு பாட்டு கேக்கணும்..."

"கேக்கணுமா?" அண்ணாச்சி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். "ஒரு நிமிஷம் நான் வராம இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்! எங்க வில்லோ லேன் ரசிகர் பேரவையிலே, வெளிநாட்டுல இருந்து மாப்பிள்ளை, மச்சான் அனுப்புன பெட்டி ஆறு இருக்கு. ஒண்ணுல ஒரு கீறல் கிடையாது. நீரு ஒரு வாரம் பேரவைக்குக் குடும். முறைப்படி வச்சு, முறைப்படி திறந்து, உம்ம வீட்டுக்காரியைத்தான் முதல்ல கேக்க வைப்போம். மரியாதையோட கேட்டா கசக்குமாவே?"

மரியாதை என்ற வார்த்தையில்தான் குமரகுருபரன் வழுக்கினார். ஆபீஸில் பியூன்கூட அவரை 'சார்' என்று ஒருமாதிரி இழுத்துத்தான் கூப்பிடுவான். ஒரு வாரம்தானே என்று நினைத்துத் தலையை ஆட்டிவிட்டார்.

மறுநாளே வீட்டு வாசலில் நாதஸ்வரம். பட்டுத்துணி விரித்த தாம்பாளத்தில் பெட்டியை வைத்து, மேலே குடை பிடித்து, ஆட்டோவில் ஏற்றி டவுனுக்குக் கொண்டுபோனார்கள். வழியில் இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பேரவையின் தலைவர் ஞானசம்பந்தன் வீட்டு மாடியில்தான் அலுவலகம். ஓய்வுபெற்ற சார்பதிவாளர். தாத்தா காலத்தில் வயல் இருந்தது, கோவிலில் முதல் மரியாதை இருந்தது. வயலை அப்பா விற்றார். மரியாதையைக் கோர்ட் எடுத்துக்கொண்டது. மனிதர் சும்மா இருப்பாரா? தானே ஒரு கோவிலை உண்டாக்கிவிட்டார்.

மூலஸ்தானம் ஒரு இரும்பு பீரோ. பேட்டைப் பட்டறையில் சொல்லிச் செய்தது. மூன்று பூட்டு, மூன்று சாவியும் மூன்று பேரிடம். மூவரும் சேர்ந்து வந்தால்தான் திறக்கலாம். மூவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது என்பதால் பௌர்ணமிக்கு ஒருதரம்தான் அது நடக்கும். அன்றைக்குத் தரிசனம். ஆரம்பத்தில் கற்பூரம் காட்டினார்களாம். ஒருதரம் சூடு பட்டு, பாளையங்கோட்டை வக்கீல் ஒருவர் பெட்டியின் கண்ணாடித்தாள் சுருங்கிப் பிளந்துவிட்டது. உறை கலைந்தால் தீட்டு. அன்று ராத்திரியே வக்கீலையும் பெட்டியையும் வாசலுக்கு வெளியே விட்டு, மாடி முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டார்கள். அதிலிருந்து டார்ச் லைட்தான். பேட்டரி புதுசாகப் போட்டு வலமாக மூன்று சுற்று.

குமரகுருபரனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். 'வெள்ளி விழாப் பெட்டி உபயதாரர்' என்று பட்டம் கொடுத்தார்கள். பெட்டி உள்ளே போயிற்று. மூன்று பூட்டும் விழுந்தன. வீட்டுக்கு வந்ததும் சித்ரலேகா பொன்னாடையைத் தடவிப் பார்த்தாள்.

"இது பாடுமா?" என்று கேட்டாள்.

வாரம் முடிந்தது. மாதம் முடிந்தது. குமரகுருபரன் தலைவர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு, பைய விஷயத்தை எடுத்தார். "அண்ணாச்சி, அந்தத் திறக்குற விசேஷம் என்னைக்குன்னு..."

தலைவர் சிரித்தார். குழந்தை நிலாவைக் கேட்டால் பெரியவர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.

"திறப்போம்வே. திறக்க மாட்டோம்னு யாரு சொன்னா? ஆனா பாரும், வெள்ளி விழாப் பெட்டியிலே எல்லாப் பாட்டும் இல்லையாம். முழுமைப் பெட்டின்னு ஒண்ணு கம்பெனி போடுதான். அது வராம இதைத் திறந்தா அரைகுறைக்குப் பூசை பண்ணின பாவம் வந்து சேரும்."

முழுமைப் பெட்டி அடுத்த சித்திரையில் வந்தது. மேளம், குடை, ஆட்டோ. அதன் பின்னாடியே இறுதி முழுமைப் பெட்டி வரப்போவதாகச் செய்தி. இறுதி முழுமைப் பெட்டியும் வந்தது. குமரகுருபரன் மூச்சு விட்டார். உடனே கம்பெனி, விட்டுப்போன ஒரு இருமலையும் ஒரு கிடார் சுருதி சேர்ப்பையும் கண்டுபிடித்துவிட்டதாகவும், விரிவாக்கப்பட்ட இறுதி முழுமைப் பெட்டி தயாராவதாகவும் அறிவித்தது. பேரவையில் அன்று பாயசம்.

அந்தப் பாயசக் கூட்டத்தில் தலைவர் பேசினதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். சோடா குடித்துத் தொண்டையைச் சரிசெய்துகொண்டு மைக்கைப் பிடித்தார். கேட்க வந்திருந்தவர்கள் பதினைந்து பேர். மைக் எதற்கு என்று கேட்கக் கூடாது.

"பெரியோர்களே! பாட்டு என்பது கேட்பதற்குத்தான் என்று சிலர் நினைக்கிறார்கள். டீக்கடையிலே கூடத்தான் பாட்டுக் கேட்கிறான். அவனுக்கும் நமக்கும் வித்தியாசம் வேண்டாமா? வில்லோ லேன் குழுவுக்காக என் வாழ்நாளில் பாதியை அர்ப்பணித்திருக்கிறேன். நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன், இன்றுவரை அவர்களுடைய ஒரு பாட்டுகூட என் காதில் விழுந்ததில்லை! அவ்வளவு கட்டுப்பாடு! ஒருமுறை மதுரையில் ஒரு ஓட்டலில் அவர்கள் பாட்டுப் போலச் சத்தம் வந்தது. இலையில் பாதிச் சாப்பாட்டோடு எழுந்து வந்துவிட்டேன்!"

கைதட்டல் ஓயவில்லை. ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குமரகுருபரனும் தட்டினார். எதற்குத் தட்டுகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர் தட்டினால் தட்டிவிடுகிற பழக்கம்.

வீட்டில் நிலைமை வேறு. குக்கர் விசில் சித்ரலேகாவுக்குக் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் சிரிக்கிறார்கள் என்று லீவு போட்டாள். ராத்திரி சாப்பிட்டதும் டேப் ரெக்கார்டரைத் தலையணைக்கு மேல் வைத்து, வலது காதை ஒட்டிக்கொண்டு பழைய கேசட்டைப் போடுவாள். டக் என்று நிற்கும். திருப்பிச் சுற்றுவாள். குமரகுருபரன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். இவள் காதை நானே எடுத்துப்போய்ப் பூட்டிவைத்துவிட்டேனே என்று இருக்கும்.

கடைசியில் துணிந்து செயற்குழுவில் எழுந்து நின்றார். பெண்டாட்டியின் காது விஷயத்தைச் சொன்னார். திறக்க முடியாது என்றால் பெட்டியையாவது திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றார். சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது.

செயற்குழு உருகிவிட்டது. உருகி என்ன செய்தது? ஒரு இரங்கல் தீர்மானம் போட்டது, காதுக்கு.

"உபயமா வந்த பொருளைத் திருப்பிக் குடுக்க வழி கிடையாதுவே" என்றார் தலைவர். "உம்ம தாத்தா கோவிலுக்கு மணி வாங்கிக் குடுத்தாரு. அதைக் கழட்டிக் குடுங்கன்னு நீரு கேப்பீரா?"

"அண்ணாச்சி, அவளுக்குக் காது போயிட்டிருக்கு..."

"போகட்டுமே!" என்று முத்துமாலை அண்ணாச்சி ஆறுதலாகச் சொன்னார். அவருக்கு நல்ல மனசு. "காதுதான போகுது? கண்ணு நல்லாத்தான இருக்கு? பௌர்ணமிக்குக் கூட்டிட்டு வாரும். பெட்டியைக் கண் குளிரப் பாக்கட்டும். காது இருக்கிற நாங்களே பாத்துக்கிட்டுத்தானவே இருக்கோம்!"

குமரகுருபரன் வீட்டுக்கு வந்து நடந்ததை வலது காதில் குனிந்து சத்தமாகச் சொன்னார். பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேட்டிருக்கும். சித்ரலேகா அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் அழவில்லை. வக்கீல் பெட்டிக்கு என்ன ஆச்சு என்பதை மட்டும் இன்னொருதரம் சொல்லச் சொன்னாள். அவர் சொன்னார். "அதை அவரு எடுத்துட்டுப் போயிட்டாரா?" என்று கேட்டாள். போய்விட்டார் என்றார். "சரி, பௌர்ணமிக்கு நானும் வாரேன்" என்றாள். மனிதருக்கு ஒன்றும் புரியவில்லை. இத்தனை வருஷத்தில் அவள் பேச்சு அவருக்குப் புரிந்த நாள் குறைவு.

தொண்ணூற்றேழு தைப் பௌர்ணமி, பேரவையின் ஆண்டு விழா. அன்றைக்கு மட்டும் பெட்டிகளை ஒவ்வொன்றாக பீரோவுக்கு வெளியே எழுந்தருளச் செய்வார்கள். உபயதாரர் தம்பதி தங்கள் பெட்டி இருக்கிற தாம்பாளத்தைக் கையில் வாங்கி, தலைவரின் டார்ச் ஆரத்தி முடியும்வரை தாங்கி நிற்க வேண்டும். பெண்களுக்குப் பேரவையில் உறுப்பினராக இடமில்லை. தாம்பாளம் தூக்க மட்டும் உண்டு. சித்ரலேகா பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து வந்தாள். "அம்மா முகத்துல என்ன களை பாரும்" என்று முத்துமாலை அண்ணாச்சி பூரித்தார்.

மூன்று சாவிக்காரர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் பூட்டைத் திறந்தார்கள். தாம்பாளம் வந்தது. வெள்ளி விழாப் பெட்டி கண்ணாடித்தாளில் பளபளத்தது. தலைவர் டார்ச்சைத் தட்டினார், எரியவில்லை, இன்னொரு தட்டு தட்டினார், எரிந்தது. ஒரு சுற்று. "இந்தப் புனிதமான வேளையிலே..." என்று ஆரம்பித்தார்.

சித்ரலேகா தாம்பாளத்தைப் புருஷன் கையில் முழுசாக விட்டாள். தாலிச் சரட்டில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றினாள். அவசரமே இல்லை, ஜாக்கெட் கொக்கி மாட்டுகிறவள் போல. ஊக்கின் முனையைப் பெட்டி ஓரத்தில் நுழைத்து ஒரு இழுப்பு. சர்ர்ர்.

அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்காது. மற்ற எல்லாருக்கும் கேட்டது. ஒருவர் ஐயோ என்று காதைப் பொத்தினார். சாவிக்காரர்கள் மூவரும் பேச்சுவார்த்தை இல்லாததை மறந்து ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். முத்துமாலை அண்ணாச்சி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். குமரகுருபரன் தாம்பாளத்தை மட்டும் விடவில்லை; அதற்காகவாவது மனிதரை மெச்ச வேண்டும்.

"தீட்டு!" என்று தலைவர் மைக்கிலேயே அலறினார். "உறை கலைஞ்சு போச்சு! உபயமும் கிடையாது, உறுப்பினரும் கிடையாது! எடுத்துட்டுப் போம்வே! இந்த நிமிஷம்! மத்த பெட்டிங்க மேல காத்துப் படுறதுக்கு முன்னால வெளிய கொண்டு போம்! ஏலே, யாரு அங்கன, மஞ்சத் தண்ணி எடுலே!"

சித்ரலேகா கண்ணாடித்தாளைச் சுருட்டிக் கைக்குள் வைத்துக்கொண்டாள். பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். "வாங்க, நூகு பாய் கடை சாத்திரப் போறாரு" என்று புருஷனைக் கூப்பிட்டாள். மாடிப்படியில் அவர்கள் இறங்க இறங்க, பின்னால் மஞ்சள் தண்ணீர் வாளி வாளியாக இறங்கியது.

நூகு பாய் கதையைக் கேட்டு, "அல்லாவே!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணாடித்தாளை வாங்கிக் குப்பைக்கூடையில் போட்டார். சி.டி.யைத் துடைத்து மெஷினில் வைத்தார். ஸ்பீக்கருக்கு முன்னால் ஒரு நாற்காலி போட்டு, "உக்காருங்கம்மா. எவ்வளவு சத்தம் வேணும்னாலும் வைக்கேன். எவன் கேக்கான் பாத்திருவோம்" என்றார்.

பாட்டு வந்தது. சித்ரலேகா வலது காதை ஸ்பீக்கரில் ஒட்டிக் கண்ணை மூடிக்கொண்டாள். ஆறு, வெள்ளம், மோதிரம், நடு ஆறு. இது போதாது என்றான் படகுக்காரன். அவள் எழுந்து நின்றாள். இருவருக்கும் உடம்பு தானாக ஒரு டக்குக்குத் தயாரானது. டக் வரவில்லை. பாட்டு போய்க்கொண்டே இருந்தது. வயலின் ஒன்று இவ்வளவு நாளும் இவர்களுக்குத் தெரியாமல் அங்கே காத்துக்கொண்டிருந்திருக்கிறது. கடைசி அடிகளில் குமரகுருபரனுக்கு ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. பழைய இங்கிலீஷ், அதோடு பாழாய்ப்போன டிரம்ஸ். அவர் பெண்டாட்டியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அது மெதுவாக விரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. அப்புறம் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று!

"என்ன ஆச்சு? சொல்லு சித்ரா, என்ன ஆச்சு?" என்று காதில் கத்தினார். "அவன் இரங்கிட்டானா?"

"இரங்கலை."

"அப்ப நீ சொன்ன மாதிரி குதிச்சிட்டாளா?"

"அவ எதுக்குங்க குதிக்கணும்?" என்றாள் சித்ரலேகா. "அவனைத் தள்ளிவிட்டுட்டா. துடுப்பை எடுத்து இவளே போட்டுட்டுப் போயிட்டா. ரெண்டு பேருக்குமே இது தோணலியே, பாத்தீங்களா!"

கடை வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. ஞானசம்பந்தன் இறங்கினார். வேட்டியெல்லாம் மஞ்சள். பெட்டியைத் திரும்பக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று குமரகுருபரன் அதன்மேல் கையை வைத்துக்கொண்டார். வாழ்க்கையில் முதல்தடவையாக, "தர மாட்டேன்" என்றார்.

"அதை யாருவே கேட்டா? தீட்டு" என்று தலைவர் அருவருப்போடு இரண்டடி விலகினார். "கண்ணாடித்தாள் எங்க? அவசரச் செயற்குழு கூடி முடிவெடுத்திருக்கு. கலைஞ்சது பெட்டிதான். உறை என்ன தப்புப் பண்ணுச்சு? கடைசிவரைக்கும் காத்து நின்னு உயிரை விட்டிருக்குவே. அதைத்தான் இனிமே பீரோவுல வைக்கப்போறோம். நடுத் தட்டுல."

நூகு பாய் வாயை மூடாமல் குப்பைக்கூடையைக் காட்டினார். அதில் அன்றைக்குப் பிரித்த கேசட்களின் கண்ணாடித்தாள் கிடந்தது, அள்ளியள்ளி. எது எது என்று யார் கண்டார்கள்? தலைவர் கூடைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒன்றைத் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார், இன்னொன்றைப் பார்த்தார். அப்புறம், எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் பொறுக்கி மேல்துண்டில் கட்டிக்கொண்டார். ஒரு மிட்டாய்க் காகிதமும் அதோடு போயிற்று. மூட்டையை நெஞ்சோடு அணைத்து எழுந்து நின்றார். எதிரே மூன்று பேர் இருக்கிறார்களே, சும்மா போக மனசு வருமா? "பெரியோர்களே! உறையின் தியாகம் என்பது..." என்று தொடங்கிவிட்டார்.

சித்ரலேகா நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். இடது காது தலைவர் பக்கம், வலது காது ஸ்பீக்கர் பக்கம்.

"பாய், முதல்லேருந்து போடுங்க" என்றாள்.